சத்தம் எதைத் தொடர்கிறது?

பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் போய்ச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "பின்னாடி ஏதோ சத்தம் வருது." மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு, "கிரவுன் பினியன் போயிருக்கும்" என்பார். சில ஆயிரங்கள் செலவாகும். டிஃபரன்ஷியல் புதிதாகும். சத்தம் மட்டும் அப்படியே இருக்கும்.

டில்லி கிட்வாய் நகரில் எங்களுக்கு அடுத்த பிளாக்கில் ஒரு தம்பி இருக்கிறார். மத்திய அரசு வேலை. கைமாறி வந்த 2012 மாடல் மாருதி ஜிப்ஸி ஒன்று வைத்திருக்கிறார். சாயங்காலம் டீக்கடையில் பார்த்தால் போதும், அந்த வண்டியின் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார். "ஊஊங்னு வருது சார். நடுவுல டக்குனு ஒரு அடி." எப்போது வருகிறது என்று கேட்டால், "ஓட்டும்போதுதான் சார்" என்பார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டீ ஆறுவதற்குள் முடியாது. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

சத்தத்தைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் அது எப்படி இருக்கிறது என்பதை ஓரமாக வைத்துவிடுவார்கள். எதோடு சேர்ந்து ஏறுகிறது, எதோடு சேர்ந்து இறங்குகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஒரே 'ஊங்' சத்தத்தை டயரும் போடும், வீல் பேரிங்கும் போடும், கிரவுன் பினியனும் போடும். காதுக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் டயர் சத்தம் ரோட்டைப் பார்த்து மாறும். பேரிங் சத்தம் ஸ்டீயரிங்கைப் பார்த்து மாறும். பினியன் சத்தம் ஆக்சிலரேட்டரைப் பார்த்து மாறும். சத்தம் எதைத் தொடர்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வண்டியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஒரு ஸ்பானரைக்கூடத் தொட வேண்டாம்.

அதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் என்னென்ன சுற்றுகிறது என்று தெரிய வேண்டும். ஜிப்ஸி 1985 டிசம்பரில் வந்தது, 970 சிசி இன்ஜினோடு. 1996-ல் 1.3 லிட்டர் ஜிப்ஸி கிங் வந்தது. 2019 வாக்கில் சந்தையை விட்டுப் போகும்வரை அடிப்படை எலும்புக்கூடு பெரிதாக மாறவில்லை: ஏணி மாதிரி ஒரு சேசிஸ், முன்னும் பின்னும் கெட்டியான ஆக்சில், நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங். இங்கே மெக்கானிக்குகள் அந்தப் பட்டைகளைக் 'கமானி' என்பார்கள். ராணுவமும் போலீசும் இதை ஓட்டின. ரந்தம்போரிலும் கார்பெட்டிலும் புலி பார்க்கப் போகிறவர்களை இன்றும் ஏற்றிக்கொண்டு போவது இதுதான். அதனால் இதன் வியாதிகள் ஊரறிந்தவை, பாகங்களும் காஷ்மீரி கேட்டில் கிடைப்பவை.

இன்ஜினிலிருந்து சக்தி கிளட்ச் வழியாக ஐந்து கியர் பெட்டிக்குப் போகிறது. சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டியிருக்காது. நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியே ரப்பர் மவுண்டுகளில் தொங்குகிறது. அங்கிருந்து பின் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட், முன் ஆக்சிலுக்கு ஒரு ஷாஃப்ட். ஆக மூன்று ஷாஃப்ட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் கிராஸ் என்கிற யுனிவர்சல் ஜாயிண்ட். மொத்தம் ஆறு கிராஸ். ஆக்சிலுக்கு ஒரு டிஃபரன்ஷியல், அதற்குள் கிரவுன் பினியன் என்கிற பல்சக்கர ஜோடி. முன் சக்கரங்கள் திரும்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும் என்பதால் அங்கே சிவி ஜாயிண்ட். சக்கரத்தின் நடுவில், வண்டியில் இன்னும் மிச்சமிருந்தால், கையால் திருப்பி முன் சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டவும் (லாக்) விடுவிக்கவும் (ஃப்ரீ) செய்யும் ஃப்ரீவீல் ஹப்.

இதில் ஒன்றைத் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜிப்ஸியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் செயின் கிடையாது, எல்லாம் பல்சக்கரம். ஹை ரேஞ்சிலேயே 1.409, லோ ரேஞ்சில் 2.268 என்று வேகத்தைக் குறைத்துத்தான் வெளியே விடும். அதாவது லீவர் 2எச்-ல், பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலையில், இருந்தாலும் சக்தி பல் மேல் பல் ஏறித்தான் பின் சக்கரத்துக்குப் போகிறது. செயின் வைத்த டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் 2எச்-ல் சக்தி பெரும்பாலும் நேராகப் பாய்ந்துவிடும், சத்தமும் குறைவு. ஆகவே புது எஸ்யூவியிலிருந்து இறங்கி ஜிப்ஸியில் ஏறுகிறவர்களுக்கு முதலில் கேட்கும் ஒரு சீரான முனகல் வண்டியின் பிறவிக்குணம். அதைக் குணப்படுத்தப் பணம் கொடுக்காதீர்கள். நேற்று இல்லாமல் இன்று வந்த சத்தம், போன மாதத்தைவிட இந்த மாதம் ஏறிய சத்தம், இவற்றைத் துரத்தினால் போதும்.

முதல் கேள்வி: சத்தம் இன்ஜினைத் தொடர்கிறதா, சக்கரத்தைத் தொடர்கிறதா?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஓடும்போது சத்தம் வருகிற அதே அளவுக்கு இன்ஜினை ஏற்றிப் பாருங்கள். அதே சத்தம் வந்தால் விஷயம் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸின் முன்பகுதி இவற்றுக்குள்ளேயே. இனி கிளட்ச் பெடல். மிதித்ததும் சத்தம் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். மிதித்ததும் சத்தம் பிறந்தால் ரிலீஸ் பேரிங்.

டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி நியூட்ரல் இருப்பது இந்த மாதிரி வண்டிகளில் ஒரு வசதி. நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். டிரான்ஸ்ஃபர் நியூட்ரலில் இருக்கும்போது கியர் போட்டு நிறுத்தினாலும் வண்டி உருளும், அதனால் கட்டை கட்டாயம். பிறகு கியர் லீவரை ஒவ்வொரு கியராகப் போட்டுக் கிளட்சை விடுங்கள். கியர் பாக்ஸும் குட்டை ஷாஃப்டும் சுற்றும், ஆக்சில் இரண்டும் சும்மா இருக்கும். நின்ற இடத்திலேயே கியர் பாக்ஸை விசாரித்துவிடலாம். நான்காவது கியர் பெரும்பாலும் நேர் கியர். கவுண்டர் ஷாஃப்ட் சுற்றினாலும் அதன் மேல் சுமை இருக்காது. அதனால் ரோட்டில் ஓட்டும்போது மற்ற எல்லாக் கியரிலும் முனகி நான்கில் மட்டும் அமைதியானால் கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்குகளைப் பாருங்கள். ஒரே ஒரு கியரில் மட்டும் முனகினால் அந்தக் கியரின் பல் தேய்ந்திருக்கலாம்.

நின்ற வண்டியில் சத்தமே இல்லை என்றால் அது ரோட்டு வேகத்தைச் சேர்ந்தது. உறுதி செய்ய, விடியற்காலையில் காலியான, நேரான ரோட்டில் 60-ல் போய் நியூட்ரலில் தள்ளி வண்டியை உருள விடுங்கள். சாவியைத் தொடாதீர்கள், இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இல்லையென்றால் பிரேக்குக்கு உதவி போய்விடும். இன்ஜின் ஐடிலுக்கு இறங்கிய பிறகும் சத்தம் தொடர்ந்தால் அது பெரும்பாலும் டயர், பேரிங், ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் இந்த நால்வரில் ஒருவர்.

யார் என்று கேட்க ஒரு சின்னக் கணக்கு உதவும். 205/70 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர், சக்கரம் நொடிக்கு 8 தடவை சுற்றுகிறது. ஆக்சில் விகிதம் 4-க்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொண்டால் ஷாஃப்ட் நொடிக்குச் சுமார் 32 சுற்று. கிராஸில் கோளாறு இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு உதறல், அதாவது நொடிக்கு 64. பினியனில் பத்துப் பல் இருந்தால் நொடிக்கு 320 தடவை பல்லோடு பல் சேரும். ஆக, எண்ணிவிடலாம் போன்ற 'தட தட தட' சக்கரத்தையும் டயரையும் சேர்ந்தது. சீட்டிலும் தரையிலும் உடம்பால் உணரும் அதிர்வு ஷாஃப்டுடையது. பாடுகிற மாதிரி ஒரு சுருதி கேட்டால் அது பல்சக்கரம். காதை நம்பாதவர்களுக்குப் போன் இருக்கிறது. ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் இலவச ஆப்கள் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 60-ல் ஒரு தடவை, 40-ல் ஒரு தடவை பதிவு செய்தால் கணக்குச் சரிதானா என்று பார்த்துக்கொள்ளலாம். ஓட்டுகிறவர் போனைத் தொட வேண்டாம்.

டயரை முதலில் கழித்துவிடுவது நல்லது, செலவில்லாத வேலை என்பதால். ஜிப்ஸி வாங்குகிறவர்களில் பலர் அடுத்த வாரமே பெரிய பல் வைத்த மட் டயர் மாட்டிவிடுகிறார்கள். அது தார் ரோட்டில் பேரிங் போன மாதிரியே கத்தும். புதுத் தார், பழைய தார், கான்கிரீட் என்று மூன்று பரப்பில் ஓட்டிப் பாருங்கள். சுருதி மாறினால் டயர். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் ரம்பம் மாதிரி பிடித்தால் தேய்மானம் படிப்படியாக விழுந்திருக்கிறது.

இரண்டாவது கேள்வி: ஸ்டீயரிங்கைத் தொடர்கிறதா?

60-ல் போகும்போது மெதுவாக இடது பக்கம், பிறகு வலது பக்கம் வளைந்து பாருங்கள். இடது பக்கம் திரும்பினால் வண்டியின் எடை வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது முனகல் ஏறினால் வலது பக்க வீல் பேரிங். வலது பக்கம் திரும்பும்போது ஏறினால் இடது. எந்தப் பக்கம் என்று உறுதி செய்ய இங்கேயே ஒரு இடம் இருக்கிறது. ஐஎன்ஏ பக்கம் இறங்கும் பாராபுல்லா மேம்பாலத்தில் ஓரமாக, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போனால் பக்கச் சுவர் அந்தப் பக்கத்துச் சத்தத்தை எடுத்துத் திருப்பிக் கொடுக்கும்.

பிறகு ஜாக்கி போட்டு ஸ்டாண்டு மேல் உட்கார வைத்து, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின். ஜிப்ஸியில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தப்பான பேரிங்கை மாற்றுவது சகஜம். ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது.

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, 4 வீல் போட்டு, மண் தரையில் மெதுவாகப் போகும்போது முன்னாலிருந்து 'டிக் டிக் டிக்' என்று வந்தால் சிவி ஜாயிண்ட். 2எச்-ல் ஹப் ஃப்ரீயாக இருக்கும்போது அந்த ஜாயிண்ட் இழுப்பதே இல்லை. அதனால் நகரத்துக்குள்ளேயே ஓடும் வண்டியில் இந்த நோய் வருஷக்கணக்கில் வெளியே தெரியாமல் இருக்கும்.

மூன்றாவது கேள்வி: ஆக்சிலரேட்டரைத் தொடர்கிறதா? இதுதான் டிஃபரன்ஷியலுக்கான கேள்வி.

சத்தம் வரும் வேகத்தில் மூன்று விதமாக ஓட்டுங்கள். மிதித்து இழுக்க விடுவது ஒன்று. காலை எடுத்துவிட்டு இன்ஜினே வண்டியைப் பிடிக்க விடுவது இன்னொன்று. மூன்றாவது, இழுக்கவும் இல்லாமல் பிடிக்கவும் இல்லாமல் வேகத்தை அப்படியே வைத்திருப்பது. இழுக்கும்போது பல்லின் ஒரு முகம் வேலை செய்கிறது, காலை எடுத்தால் மறுமுகம். இழுக்கும்போது மட்டும் பாடினால் அந்த முகம் தேய்ந்திருக்கிறது அல்லது பினியன் உட்கார்ந்த ஆழம் சரியில்லை. காலை எடுத்தால் மட்டும் பாடினால் பினியன் பேரிங்கின் இறுக்கம் தளர்ந்து பினியன் முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள். மூன்று நிலையிலும் துளி மாறாமல் ஒரே சத்தம் என்றால் பல்லை விட்டுவிடுங்கள். பேரிங், டயர் பக்கம் திரும்பிப் போங்கள். "கிரவுன் பினியன் போயிருக்கும்" என்று யாராவது சொன்னால், "மிதிக்கும்போதா, விடும்போதா?" என்று திருப்பிக் கேட்க இது போதும்.

நான்காவது கேள்வி நான்கு சக்கர வண்டிக்கே உரியது: முன்னாலா, பின்னாலா? சாதாரணக் காரில் இதற்கு வண்டியைப் பிரிக்க வேண்டும். இங்கே லீவரும் ஹப்பும் சொல்லிவிடும்.

ஹப்பை ஃப்ரீயில் வைத்து 2எச்-ல் ஓட்டினால் முன் ஆக்சிலின் உள்பாகங்களும் முன் ஷாஃப்டும் சுற்றாது. ஹப்பை லாக் செய்து அதே 2எச்-ல் ஓட்டினால் அவை எல்லாம் சுமை இல்லாமல் சும்மா சுற்றும். முதலாவதில் இல்லாத சத்தம் இரண்டாவதில் வந்தால் திருடன் முன்னால் இருக்கிறான். இன்னும் சந்தேகம் தீரவில்லையா? பின் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் போல்ட்டைக் கழற்றி ஷாஃப்டை எடுத்துவிட்டு, ஹப்பை லாக் செய்து, 4எச்-ல் முன் சக்கர இழுவையில் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் அது பின் ஷாஃப்ட் அல்லது பின் பினியனிடம் இருந்தது. கழற்றும்போது சக்கரத்துக்குக் கட்டை வைப்பதை மறக்கக் கூடாது. கியரில் நிறுத்திய பிடிப்பு ஷாஃப்டோடு போய்விடும். சில பழைய ஜீப்புகளில் கை பிரேக்கே டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால்தான் இருக்கும், அதுவும் சேர்ந்து போய்விடும்.

தம்பி சொன்ன அந்த 'டக்' அடிக்கு இப்போது வருவோம்.

கூட்ஸ் ரயில் புறப்படும்போது இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை கப்ளிங் ஒவ்வொன்றாக இறுகும் சத்தத்தைக் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொரு கப்ளிங்கிலும் கொஞ்சம்தான் இடைவெளி; எல்லாம் கூடி ஒரு பெரிய அடி. ஜிப்ஸியிலும் அப்படியே. கியர் பாக்ஸ் பல், ஆறு கிராஸ், ஷாஃப்டின் நடுவில் நீண்டு சுருங்கும் ஸ்ப்ளைன், டிரான்ஸ்ஃபர் பல், கிரவுன் பினியன் என்று ஒவ்வொரு இடத்திலும் இம்மி இம்மியாய் ஆட்டம். கிளட்சை விட்டதும் எல்லாம் ஒரே சமயம் இறுகி 'டக்' என்கிறது. பழைய வண்டியில் கொஞ்சம் 'டக்' இருக்கத்தான் செய்யும். அதைப் பூஜ்யமாக்கப் புறப்பட்டால் முழு வண்டியையும் மாற்ற வேண்டி வரும். எந்தக் கண்ணியில் ஆட்டம் அதிகம் என்று மட்டும் பாருங்கள்.

கட்டை வைத்து, கியரையும் டிரான்ஸ்ஃபரையும் நியூட்ரலில் வைத்து, அடியில் படுத்து ஒவ்வொரு கிராஸின் இரண்டு பக்கத்தையும் எதிரெதிராகத் திருகுங்கள். கிராஸில் கையால் உணரும் ஆட்டம் இருக்கவே கூடாது. கப்பைச் சுற்றி சிவந்த துருத்தூள் தெரிந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. நடை வேகத்தில் 'கீச் கீச் கீச்' என்று ஷாஃப்டோடு சேர்ந்து வரும் சத்தமும் இதுதான். அதைக் கேட்கக் கிழக்கு கிட்வாய் நகரின் புதுக் குடியிருப்புக்கு அடியில் இருக்கும் பார்க்கிங் தளம் அருமையான இடம்: கான்கிரீட் கூரை ஒரு துளிச் சத்தத்தையும் விடாமல் திருப்பித் தரும். முனகலை மட்டும் அங்கே எடை போடாதீர்கள். எல்லா வண்டியும் அங்கே நோயாளிதான். பிறகு டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் மவுண்ட், இன்ஜின் மவுண்ட், ஆக்சிலைக் கமானியோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட், கமானிக் கண்ணின் புஷ். இவை தளர்ந்தாலும் அடி விழும், பழி டிஃபரன்ஷியல் மேல் விழும்.

கிராஸ் மாற்றப் போகும்போது ஒரு எச்சரிக்கை. கோணத்தில் வேலை செய்யும் கிராஸ் சுழற்சியைச் சீராகக் கடத்தாது. 10 டிகிரி கோணம் என்றால் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம் கூடும், ஒன்றரை சதவீதம் குறையும். மறுமுனையில் இருக்கும் கிராஸ் அதே அளவுக்கு எதிராகச் செய்து அதைச் சமன் செய்துவிடுகிறது. கிராஸைப் பிடிக்கும் யோக் இரண்டு முனையிலும் ஒரே தளத்தில் நேர்ப்பட்டிருந்தால்தான் இது நடக்கும். அவசரத்தில் ஷாஃப்டை நடுவில் உருவி, குறி வைக்காமல், ஒன்றிரண்டு ஸ்ப்ளைன் தள்ளித் திரும்பச் செருகினால் புதுக் கிராஸ் போட்ட வண்டி பழையதைவிட அதிகமாக உதறும். கழற்றும் முன் ஒரு சாக்பீஸ் கோடு, அல்லது பஞ்சால் ஒரு புள்ளி. உயரம் ஏற்றிய ஜிப்ஸிகள் குறிப்பிட்ட வேகத்தில் நடுங்குவதற்கும் கோணம்தான் காரணம். கமானியை உயர்த்தியவர்கள் ஷாஃப்டின் கோணத்தைப் பற்றி யோசிப்பதில்லை.

நோயே இல்லாத சத்தத்தை நோய் என்று நினைப்பதும் உண்டு. "வாரம் ஒரு தடவை 4 வீல் போட்டு ஓட்டணும்னு சொன்னாங்க சார், போட்டுத் திருப்பினா வண்டி குதிக்குது." குதிக்கத்தான் செய்யும். ஜிப்ஸியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. 4எச் போட்டால் இரண்டு ஷாஃப்டும் பூட்டிக்கொண்டு ஒரே வேகத்தில் சுற்றும். திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீளமான வளைவில் போகின்றன. மண்ணிலும் சேற்றிலும் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாமல் முறுக்கு ஏறிக்கொண்டே போய், ஒரு டயர் பிடி விடும்போது 'டம்' என்று அடிக்கும். லீவரும் இறுகிக்கொண்டு வெளியே வராது. கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் முறுக்குத் தளர்ந்து லீவர் விடும். வாரப் பயிற்சிக்குச் சரளை மண் தேடுங்கள்.

நேராகப் போகும்போதே முறுக்கு ஏறினால் சக்கரங்களின் சுற்றளவைப் பாருங்கள். முன்னால் 8 மில்லிமீட்டர் பட்டன் இருக்கும் புது டயர், பின்னால் 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயர் என்றால் சுற்றளவில் 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம், ஒன்றரை சதவீதம். இன்னொன்றும் உண்டு. பழைய பாகங்களால் உயிர் பெற்ற வண்டியில் வேறு மாடலின் ஆக்சில் உட்கார்ந்திருக்கலாம். முன் பின் விகிதம் ஒத்துப்போகாவிட்டால் 4 வீல் போட்ட நிமிஷம் முதல் வண்டி தன்னோடு தானே மல்லுக்கட்டும். சோதிக்க எளிய வழி: ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, டிரான்ஸ்ஃபரை நியூட்ரலில் வைத்து, அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்டில் போட்ட சாக்பீஸ் கோடு எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் அந்த ஆக்சிலின் விகிதம். முன்னால் செய்யும்போது இரண்டு ஹப்பும் லாக்கில் இருக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும். பழைய வண்டி வாங்கும் முன்பே செய்துவிடலாம்.

எதையும் பிரிக்கும் முன் கடைசியாக ஆயிலைப் பாருங்கள். டிஃபரன்ஷியலில் ஆயில் குறைந்தாலே பாதிப் பாட்டு வரும். வடிகால் போல்ட்டில் சாம்பல் நிறப் பசை போல் ஒட்டியிருக்கும் நுண்தூள் வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். நகத்தால் எடுக்கும் அளவுக்குச் செதில் இருந்தால் வண்டியை நிறுத்துங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர். மழைக்காலத்தில் மின்டோ பிரிட்ஜ் மாதிரி சுரங்கப்பாதையில் தேங்கிய வெள்ளத்தில் இறக்கினால், ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, ப்ரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஜிப்ஸியில் போனோமே என்று பெருமையாக வெளியே வருவோம். பேரிங் துருப்பிடித்து முனகத் தொடங்குவது பிறகுதான். ஜனவரிக் காலையில் ஆயில் கெட்டியாக இருக்கும்போது அமைதியாகவும் ஜூன் வெயிலில் சூடேறிய பிறகு சத்தமாகவும் இருக்கும் பேரிங் தேய்ந்த பேரிங். அதனால் வண்டியைச் சூடாக்கிவிட்டுத்தான் விசாரணை. ஹைபாய்டு பல் வைத்த டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 ஆயில். கியர் பாக்ஸுக்கு வண்டியோடு வந்த கையேடு சொல்லும் தரம். எல்லாவற்றுக்கும் ஒரே டின் என்று ஊற்றவிடாதீர்கள்.

டில்லியில் இத்தனை பொறுமைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று 2025-ல் உத்தரவுகள் மாறி மாறி வந்தன. தம்பியின் வண்டிக்கு 2027-ல் 15 முடிகிறது. மாற்றலாகித் தமிழ்நாட்டுக்குப் போனால் என்ஓசி வாங்கிக்கொண்டு வண்டியையும் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறார். இப்படிக் கெடு வைத்த வண்டிக்கு எந்தச் செலவு அவசியம், எது காத்திருக்கலாம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும்.

வருஷக்கணக்கில் ஒரே சுருதியில் பாடும் டிஃபரன்ஷியல், ஆயில் சுத்தமாக இருந்து, ஓட்டி முடித்ததும் கை வைக்க முடியாத சூடு இல்லையென்றால், இன்னும் பல வருஷம் பாடும். பிரித்துச் சேர்ப்பது ஆபத்து அதிகம்: கிரவுனும் பினியனும் ஜோடியாகப் பொருத்திச் செய்யப்பட்டவை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்; மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் இடைவெளி வைக்கத் தெரிந்த கை வேண்டும். டிரான்ஸ்ஃபர் முனகலும் காத்திருக்கும். கிராஸ் காத்திருக்காது. முன் ஷாஃப்டின் முன்முனை ஓட்டத்தில் அறுந்து ரோட்டில் குத்தினால் வண்டியையே எகிறவைத்துவிடும். வீல் பேரிங்கும் காத்திருக்காது. சூடாகிப் பூட்டிக்கொண்டால் சக்கரம் கையை விட்டுப் போகும். இதில் விலையைப் பாருங்கள்: அவசரமான கிராஸ் நூறுகளில் முடிகிறது, அவசரமில்லாத கிரவுன் பினியன் ஆயிரங்களில் போகிறது. நம்மிடம் முதலில் விற்கப்படுவது இரண்டாவது.

மெக்கானிக்கைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. "பின்னாடி சத்தம்" என்ற தகவலை மட்டும் வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார்? தம்பியிடம் ஒரு துண்டுச் சீட்டு எழுதி எடுத்துப் போகச் சொன்னேன்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, நியூட்ரலில் உருளும்போது இருக்கிறதா, மிதித்தாலா விட்டாலா, எந்தப் பக்கம் திரும்பினால் ஏறுகிறது, ஹப் லாக் செய்தால் என்ன ஆகிறது, சூடான பிறகு எப்படி. ஐந்தாறு வரிதான். கோட்லா முபாரக்பூரில் கடை வைத்திருக்கும் மெக்கானிக்குக்குத் தமிழ் தெரியாது, தம்பிக்கு ஹிந்தி அரைகுறை. ஆனால் "சாட் கீ ஸ்பீட் பர், எக்சிலேட்டர் சோட்னே ஸே பந்த்" (60-ல் வருகிறது, ஆக்சிலரேட்டரை விட்டால் நிற்கிறது) என்று சொன்னால் நல்ல மெக்கானிக் ஸ்பானரை எடுக்கும் முன் வண்டிச் சாவியைக் கேட்பார். ஓட்டிப் பார்க்காமல் பிரிக்கத் தொடங்குகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.